மாப்பிள்ளை பார்க்க ஒரு விசா

கப்பல் பழுதாகி நின்றுவிட்டது என்று மகன் போனில் சொன்னதும் தையற்காரம்மா மிஷினை நிறுத்தினாள். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மூன்று தடவை கேட்டாள். அவன் சிரித்தான்.

"எனக்கு என்னம்மா ஆகும்? இன்ஜினுக்குத்தான் ஆயிருக்கு. பார்ட்ஸ் வர்ற வரைக்கும் இந்தத் தீவுலதான் நிப்போம். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கிளம்பும். அம்மா, நல்லா கேட்டுக்கோ. பொண்ணோட அப்பா என்னை நேர்ல பார்க்கணும்னுதானே சொல்றார்? அவரை இங்கே கூட்டிட்டு வந்துடேன்."

"எங்கே?"

"இங்கேதான். தீவுக்கு."

"தீவு என்ன பக்கத்துத் தெருவாடா? இன்னிக்குத் திங்கட்கிழமை."

"தெரியும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு இங்கே இறங்கின பிறகுதான் விசா. கீழே டிக்கெட் கடையில கேட்டுப் பாரு."

அவன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். போன வருஷம் லீவில் வந்திருந்தபோது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், ஊசி போட்ட லேப் பெண்ணிடம் மனசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, இது விடவில்லை. இரண்டு பேரும் வீட்டில் வாயைத் திறந்தது அவன் மறுபடி கப்பல் ஏறின பிறகுதான்.

பெண்ணின் அப்பா லாரி ஓட்டுகிறவர். முப்பது வருஷமாகச் சொந்த லாரி. "போன்ல மூஞ்சியைப் பார்த்துப் பொண்ணு குடுக்க மாட்டேன். ஒரு டயர் வாங்கினாலே நாலு தட்டு தட்டித்தான் வாங்குறோம்" என்று சொல்லிவிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான். அதற்குள் அவருடைய அக்கா வேறு ஒரு இடம் பேசி வைத்திருந்தாள். மாசக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பையன் ஊர் திரும்ப இன்னும் இரண்டு மாசம் இருந்தது. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்.

தையற்காரம்மாவின் கடை மாடியில். கீழே டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை. அதை நடத்துகிற பெண்ணை எல்லோரும் டிக்கெட்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் தன் ஜாக்கெட் எல்லாம் மாடியில்தான் தைக்கக் கொடுப்பாள். பதிலுக்கு, போன வருஷம் தையற்காரம்மாவை விடாப்பிடியாக இழுத்துப்போய்ப் பாஸ்போர்ட் எடுக்க வைத்திருந்தாள். "பையன் கப்பல்ல இருக்கான், என்னிக்காவது தேவைப்படும்க்கா" என்று.

இப்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"உங்க பையன் கப்பல் நல்ல இடம் பார்த்துத்தான்கா ரிப்பேர் ஆகியிருக்கு. அடுத்த துறைமுகத்துல நின்னிருந்தா விசாவுக்கு மட்டும் இருபது நாள். அதுக்கு முந்தினதுல நின்னிருந்தா ஆன்லைன்ல போட்டு நாலு நாள் காத்திருக்கணும். இந்தத் தீவுக்கு ஒண்ணும் வேண்டாம். இறங்கி நின்னா குத்திக் குடுப்பாங்க. கட்டணம்கூடக் கிடையாது. சரி, யார் யார்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு?"

எண்ணிப் பார்த்தார்கள். தையற்காரம்மாவின் கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். வாழ்க்கை முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்தவரே தவிர, வெளியே எங்கும் போனதில்லை; பாஸ்போர்ட் கிடையாது. பெண்ணின் அம்மாவுக்கும் கிடையாது. பெண் விண்ணப்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டே இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று தையற்காரம்மா. இன்னொன்று லாரிக்காரர். எப்போதோ வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போவதாக இருந்து, கடைசியில் போகாமல், பாஸ்போர்ட்டை மட்டும் வைத்திருந்தார்.

"கொண்டு வரச் சொல்லுங்க. தேதி பார்க்கணும்" என்றாள் டிக்கெட்காரி.

லாரிக்காரர் அன்று மத்தியானமே வந்தார். தையற்காரம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். டிக்கெட்காரி பாஸ்போர்ட்டைப் பிரித்து விரல் விட்டு எண்ணினாள். இறங்குகிற தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாசமாவது செல்லுபடி இருக்க வேண்டும். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் சுவர் காலண்டரில் இன்னொரு தடவை எண்ணினாள்.

"ஆறு மாசமும் பதினோரு நாளும். தப்பிச்சீங்கண்ணே."

"இன்னும் நான் வர்றேன்னே சொல்லலையே" என்றார் அவர்.

மேலே கடையில் உதவிக்கு இருக்கும் பெண் ஓட்டுகிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பாஸ்போர்ட்டில் இருந்த தன் பழைய போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நேர்ல பார்க்கணும்னு சொன்னது நான்தான். பார்க்க வழி இருக்கும்போது வரலைன்னா அது நாயமில்லை. வர்றேன். ஆனா பார்த்துட்டுதான் பேசுவேன். இப்பவே யாரும் எதுவும் மனசுல வெச்சுக்க வேண்டாம்."

"சரிண்ணா" என்றாள் தையற்காரம்மா. மனசில் ஏற்கெனவே மண்டபம்வரை போய்விட்டிருந்தாள்.

டிக்கெட்காரி எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு உறையில் போட்டுக் கொடுத்தாள். போகிற டிக்கெட், திரும்புகிற டிக்கெட், தங்கும் இடத்தின் சீட்டு, இரண்டு போட்டோ, ஆன்லைனில் நிரப்பிய படிவம். "போன்ல இருக்குன்னு சொல்லாதீங்க. காகிதத்தை நீட்டுங்க. விசா குடுக்கிறவங்களுக்கு முன்னாடி, இங்கே விமானத்துல ஏத்தறவங்களே கேட்பாங்க. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா சுத்திப் பார்க்கன்னு சொல்லுங்க. வேற எதுவும் வளவளன்னு பேச வேண்டாம்." கடைசி வாக்கியத்தைத் தையற்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தையற்காரம்மா மகனுக்கு ஒரு சட்டை தைத்தாள். பதினோரு மாசத்துக்கு முன்னால் எடுத்த அளவுதான் நோட்டில் இருந்தது. புதன்கிழமை காலை எட்டு மணி விமானம். லிஃப்ட்காரர் விமான நிலையத்து வாசல்வரை வந்து, "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. லிஃப்ட் மாதிரிதான்" என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

விமானத்தில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மூன்று மணி நேரத்தில் லாரிக்காரர் பேசியது இரண்டே வாக்கியம். "ஜன்னல் பக்கம் உட்கார்றீங்களா?" என்பது ஒன்று. மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது, "ரோடு சரியில்லை" என்பது இன்னொன்று. தையற்காரம்மா பயத்திலும் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

தீவின் விமான நிலையம் ஒரு பெரிய பள்ளிக்கூடக் கூடம் மாதிரி இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை, மேலே மின்விசிறிகள், வெளியே கண்ணைக் கூச வைக்கும் கடல். வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற தேன்நிலவு ஜோடி ஒரு நிமிஷத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கவுண்டரில் இருந்தது கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு அதிகாரி அம்மா. இரண்டு பேரும் ஒன்றாகப் போய் நின்றார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அதிகாரி அம்மா காகிதங்களைப் பார்த்தாள். ஒரே டிக்கெட் சீட்டு. தங்கும் இடத்துக்கு ஒரே பதிவு, இரண்டு பேர். புன்னகையோடு ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவர் உங்க கணவரா?"

"ஐயையோ!" என்று தையற்காரம்மா வாயில் அடித்துக்கொண்டாள். லாரிக்காரர் ஒரு அடி தள்ளி நின்றார்.

அதிகாரி அம்மாவின் புன்னகை போய்விட்டது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "அண்ணனா?"

"இல்லை."

"உறவுக்காரரா?"

"இன்னும் இல்லை" என்றார் லாரிக்காரர். அவருக்குச் சரக்கு இறக்குகிற இடங்களில் பேசிப் பழகிய ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து எதுக்கு வந்தீங்க?"

சுத்திப் பார்க்க என்று சொல்ல வேண்டியதுதான். டிக்கெட்காரி அத்தனை தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் தையற்காரம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "பையனைப் பார்க்க வந்திருக்கோம்."

"யார் பையன்?"

"இவங்க பையன்."

"நீங்க யார் அவனுக்கு?"

லாரிக்காரர் தையற்காரம்மாவைப் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அதிகாரி அம்மா பக்கத்துக் கவுண்டர் ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பையனுக்குப் போன் போட்டார்கள். கப்பலின் வயிற்றுக்குள் இருந்தானோ என்னவோ, எடுக்கவில்லை.

திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று தையற்காரம்மா நினைத்தாள். இந்த மனுஷர் நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிடுவார். தைப்பவளுக்கு வாய் ஓடாதபோது கை ஓடும். அவள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, கவுண்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்தாள். இரண்டு வீடு வரைந்தாள். ஒரு வீட்டில் பாவாடை போட்ட ஒரு பொம்மை, இன்னொன்றில் கால்சட்டை போட்ட ஒரு பொம்மை. பாவாடை வீட்டுக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஓர் ஆள், பெரிய சக்கரம் வைத்த லாரியோடு. கால்சட்டை வீட்டில் ஒரு பெண்ணும் தையல் மிஷினும். கால்சட்டைப் பொம்மையைச் சுற்றி ஒரு கப்பல். கடைசியாக இரண்டு பொம்மைகளையும் ஒரு கோட்டால் இணைத்து, கோட்டின் நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"இவருக்குப் பொண்ணு. எனக்குப் பையன். கல்யாணம்" என்று தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் சொன்னாள். பிறகு நேர்மையாகக் கேள்விக்குறியைத் தொட்டுக் காட்டினாள். "இவர் பார்த்துட்டுச் சொல்லுவார்."

அதிகாரி அம்மா படத்தைப் பார்த்தாள். பக்கத்துக் கவுண்டர் ஆளும் எட்டிப் பார்த்தான். அவள் லாரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கடலைத் தாண்டி மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கீங்க. பிடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

லாரிக்காரர் கையில் இருந்த உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"திரும்பிப் போற டிக்கெட் இருக்கு."

பக்கத்துக் கவுண்டர் ஆள்தான் முதலில் சிரித்தான். பிறகு அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நின்றவர்களுக்கு என்ன என்றே தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள். "எங்க பாஷையில இதுக்கு ஒரு சொல் இருக்கு. ஒருத்தர் பிள்ளைக்கு இன்னொருத்தர் பிள்ளையைக் குடுத்தவங்களுக்கு" என்று சொல்லி, உறவு என்ற கட்டத்தில் தன் எழுத்தில் எதையோ எழுதினாள். டப், டப் என்று இரண்டு முத்திரை. முப்பது நாள்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோது லாரிக்காரர் கேட்டார்: "அந்தம்மா என்ன எழுதினாங்க?"

"சம்பந்தின்னுதான் எழுதியிருப்பாங்க."

"அதுக்குள்ளயா?" என்றார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அது சிரிப்பா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மகனுக்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை கரையில் இறங்க அனுமதி கிடைத்தது. விடுதி வேனில் இரண்டு பேரும் துறைமுக வாசலுக்குப் போனார்கள். அவன் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடி வந்தான். நகத்து இடுக்குக் கறுப்பை மட்டும் எந்தச் சோப்பாலும் எடுக்க முடிந்திருக்கவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டான். தையற்காரம்மாவின் கை தன்னாலேயே அவன் தோளை அளந்தது. ஐயோ, இரண்டு அங்குலம் அகன்றிருக்கிறான். தைத்த சட்டை ஏறாது.

"வணக்கம் சார்" என்றான் லாரிக்காரரிடம்.

"சார் எல்லாம் வேண்டாம். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை."

"சரிங்க மாமா" என்றான் அவன் அதே மூச்சில். தையற்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வேன் கதவைத் திறந்தார்.

விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசலாம் என்று வேனில் ஏறினார்கள். பாதி மேட்டில் வேன் இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றுவிட்டது. ஓட்டுநர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் கதவைத் திறந்து இறங்கினார்கள்.

"பம்ப் போயிருக்கும் மாமா" என்றான் மகன், முன்மூடியைத் தூக்கி.

"பம்ப் இல்லை. டீசல் லைன்ல எங்கேயோ காத்து இழுக்குது."

"இல்லைங்க மாமா, சத்தத்தைக் கேளுங்க. பம்ப்தான்."

"நான் சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்றேன்."

"நானும் அதைக் கேட்டுத்தான் சொல்றேன்."

வேனுக்குள் இருந்த தையற்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்த இடத்தில் மாமனாரோடு மல்லுக்கு நிற்கிறானே! ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு உள்ளே குனிந்தான். ஒரு குழாய், இன்னொரு குழாய் என்று விரலால் தடவிக்கொண்டே போனான். ஓர் இணைப்பில் விரல் ஈரமாயிற்று. அதை முகர்ந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி மாமா. குழாய் ஜாயிண்ட்ல லூஸ். காத்துதான் இழுத்திருக்கு. நான் தப்பா சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். அசடு வழியவில்லை. சாக்குச் சொல்லவில்லை. ஓட்டுநரிடம் ஸ்பானர் வாங்கி இணைப்பை முறுக்கினான். லாரிக்காரர் கேட்காமலேயே கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியதும் வேன் உறுமிக்கொண்டு எழுந்தது. ஓட்டுநர் இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

மூன்று மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் இப்படிப் போய்விட்டது. பதினோரு மாசம் கழித்துப் பார்த்த பிள்ளையின் முதுகை மட்டும் ஐம்பது நிமிஷம் பார்த்தேன் என்று தையற்காரம்மா பிறகு பல பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

விடுதி வராந்தாவில் டீ வந்தது. சட்டை, அவள் நினைத்தபடியே, தோளில் நின்றுவிட்டது. "உள்ளே துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். கழற்று, பத்து நிமிஷத்துல பிரிச்சுத் தர்றேன்" என்று பையிலிருந்து ஊசி, நூல், சின்னக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்தாள். இரண்டு ஆண்களும் கப்பல் இன்ஜின் எவ்வளவு பெரிது என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு சிலிண்டருக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யலாம் என்று மகன் சொன்னதும் லாரிக்காரர் டீயை வைத்துவிட்டார். "உள்ளேயே இறங்கலாமா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். சம்பளம் என்ன என்று கடைசிவரை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் அவனிடம் குரலைத் தணித்துக் கேட்டார்.

"வருஷத்துல முக்கால்வாசி நாள் கடல்ல இருப்பே. அவ தனியா இருக்கணுமே?"

"இன்னும் ரெண்டு வருஷம் மாமா. அப்புறம் கரையில, கப்பல் கட்டற இடத்துல வேலைக்குப் பரீட்சை எழுதப் போறேன். பாஸ் ஆவேனான்னு தெரியாது. எழுதுவேன். இது அவளுக்கும் தெரியும்."

லாரிக்காரர் தலையாட்டினார். எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய்ப் போனை எடுத்தார். வீட்டுக்குத்தான் பேசுகிறார் என்று தையற்காரம்மா நினைத்தாள். ஆனால் காதில் விழுந்தது வேறு.

"அக்கா, நான்தான். அந்த இடத்துக்கு வேண்டாம்னு மரியாதையா சொல்லிடு... ஆமாம், பார்த்துட்டேன்... அழகா? கேக்கறதைப் பாரு. நல்லாத்தான் இருக்கான்... அது இல்லைக்கா. தப்புன்னா தப்புன்னு உடனே சொல்றான். இந்த வயசுல எனக்கு அது வரலை... சரி, திட்டாதே. வந்து பேசுறேன்."

ஊசி தையற்காரம்மாவின் விரலில் குத்தியது. முப்பது வருஷத் தொழிலில் அபூர்வமாக நடப்பது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். அவன் காதுவரை சிவந்து, காலிக் கோப்பையிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் பெண்ணுக்குப் போன் போட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். அப்பாவின் குரலைக் கேட்டதும், "என்னப்பா?" என்றாள். "ஒண்ணும் இல்லை. பையன்கிட்ட குடுக்கிறேன், பேசு" என்று போனை நீட்டிவிட்டு அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சரியாக ஐந்தே முக்காலுக்கு மகன் அம்மா பிரித்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அன்று அவனுக்கு இறங்க அனுமதி இல்லை. கரைச் சுவர் ஓரமாக இரண்டு பேரும் போய் நின்றார்கள். தையற்காரம்மா முந்தானையை ஆட்டினாள்.

"கீழே இன்ஜின் ரூம்ல இருப்பான். அங்கே ஜன்னல்கூடக் கிடையாதும்மா" என்றார் லாரிக்காரர்.

"தெரியும்ண்ணா. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அவரும் சற்று நேரம் பொறுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி ஆட்டினார்.

திரும்புகிற விமானம் மாலையில்தான். விமான நிலையத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு, இவர்கள் பேச்சைக் கேட்டுத் தூக்கமே போயிருக்கும். கல்யாணத்தைக் காலையில் வைப்பதா மாலையில் வைப்பதா என்று ஆரம்பித்தார்கள். லாரிக்காரர் காலை என்றார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போகலாம். தையற்காரம்மா மாலை என்றாள்; காலை வெளிச்சத்தில் பட்டுக்கு நிறம் எடுக்காது. அவர், இருட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்றார். அவள், ஊரில் இருக்கிற லாரியெல்லாம் கல்யாணத்துக்கு வரப்போகிறதா என்று கேட்டாள். வரும் என்றார் அவர், நாற்பது லாரியாவது வரும், எல்லாம் கூட்டாளிகள். விமானம் ஏறி, பெல்ட் போட்டு, மேகத்தைத் தாண்டின பிறகும் முடிவாகவில்லை. இரண்டு பேருக்கும் முடிக்க அவசரமும் இல்லை.